துப்பாக்கி ஒப்படைக்கும் போராட்டம்

அண்ணா, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க, எனக்குக் காத்து ஆகாது. என்ற தொண்டையைக் கேட்டீங்களா? தகரத்துல ஆணியப் போட்டுக் கீறுன மாதிரி இருக்குதுங்களா? பொறப்புலயே இப்படி இல்லீங்க. நாப்பத்தாறு நாளாக் கத்திக் கத்தி இப்படி ஆயிப்போச்சு. டாக்டரு பேசாம இருன்னாரு. அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தாக் குடுங்கன்னேன். வெளிய போடான்னுட்டாரு.

நீங்க எங்க, கொள்ளேகாலமா? அப்ப நேரம் கெடக்குது. நான் செம்மேட்டுப்புதூரு. அந்தியூரைத் தாண்டி, வண்டி மலை ஏர்றதுக்கு முந்தின ஸ்டாப்பு. ஈரோட்டுல கலெக்டராபீசுக்குப் போயிட்டு வர்றேன். பேரு நவநீதன். பாலிடெக்னிக் ரெண்டு வருசம் படிச்சேன், மூணாவது வருசம் நானும் அதும் பேசி வெச்சுப் பிரிஞ்சுட்டோம். அப்பறம் ஒரு செல்போன் கடை, ஒரு பனியன் கம்பெனி, ஒரு கோழிப்பண்ணை. கோழிப்பண்ணையில மட்டும் என்னை யாரும் போகச் சொல்லலீங்க. கோழிங்கதான் மொறச்சுப் பாத்துச்சு, நானே வந்துட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்கூருல துப்பாக்கி இருக்குதுங்க. அட, நகந்து உக்காராதீங்கண்ணா, என்கிட்ட இல்லை. எல்லாம் லைசென்ஸ் துப்பாக்கி. காட்டோரத்து ஊரு, பன்னி வரும், யானை வரும். பயிரைக் காக்கறதுக்குன்னு அந்தக் காலத்துலயே கலெக்டரு குடுத்தது. கொஞ்சம் பேரு தற்காப்புக்குன்னு எழுதி வாங்குனது. யாருகிட்ட இருந்து தற்காத்துக்கறீங்கன்னு கேட்டா, அவங்களே நம்மளத் திருப்பிக் கேப்பாங்க. மொத்தம் முப்பத்தியோரு துப்பாக்கி. ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டு வெப்பாங்க. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா செவுத்துல மாட்டுவாங்க. அதோட அதுக்கு வேலை முடிஞ்சது.

எங்க சங்கத் தலைவரு ராக்கியண்ண மாமா. சொந்த மாமன் இல்லீங்க, ஊர் மொறைக்கு. ரெண்டு ரைஸ் மில்லு, நாலு கெணறு, ஒரு ரெட்டைக்கொழல் துப்பாக்கி. வாழ்க்கையில ஒருக்காத்தான் சுட்டிருக்காரு, கோயில் நோம்பியில, வானத்தைப் பாத்து. வானத்துக்கு ஒண்ணும் ஆகல. மாமன் மல்லாக்க விழுந்து, பொடனியில நாலு தையலு.

முப்பத்தியோரு பேருல ஒரே ஒரு பொம்பளை, பாவாயக்கா. புருசன் போயி ஏழு வருசம் ஆச்சு. வனத்தை ஒட்டுனாப்புல மூணு ஏக்கரா, மக்காச்சோளம் போட்டிருக்காங்க. ஒண்டியா இருக்காங்க. புருசன் பேருல இருந்த லைசென்ஸைத் தன் பேருக்கு மாத்தறதுக்கு மட்டும் ரெண்டு வருசம் ஆபீசு ஆபீசா நடந்தாங்க. ஒத்தைக்கொழல். பன்னியச் சுடறதில்லீங்க, அது கேசாயிரும். மேல பாத்து ஒரே வேட்டு. பன்னி குடும்பத்தோட மலைக்கே ஓடிரும். அந்தச் சத்தம் கேட்டா ஊருல எல்லாரும், பாவாயி முழிச்சிருக்கறா, நாம தூங்கலாம்னு திரும்பிப் படுத்துக்குவாங்க. அக்காளுக்கு இருக்கற ஒரே சொத்து அந்தச் சோளம், ஒரே துணை அந்தக் கொழாய். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்தச் சமயத்துலதாங்க புதுச் சட்டம் வரப்போகுதுன்னு வாட்ஸப்புல ஒரு காயிதம் வந்துச்சு. வரைவு. தற்காப்புக்கும் பயிருக்கும் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க, எதுக்கு வேணும்னு இனி நிரூபிக்கோணும். நிரூபிக்காட்டி லைசென்ஸ் ரத்து. அப்பன் துப்பாக்கி மகனுக்கு இல்லை, புருசன் துப்பாக்கி பொண்டாட்டிக்கு இல்லை. ஆட்சேபணை இருந்தா அறுபது நாளைக்குள்ள சொல்லுங்கன்னு போட்டிருந்துச்சு.

ஊரு கொதிச்சுப் போச்சு. ஒடனே ஒரு குரூப்பு. 'செம்மேட்டுப்புதூர் வட்டாரத் துப்பாக்கி உரிமதாரர் பாதுகாப்புச் சங்கம்'. முகப்புப் படத்துல சிங்கம். அந்தச் சிங்கத்துக்குக் கீழ ஒரு ஆளு தெனமும் விடியக்காலம் பூச்செண்டுப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்லுவாரு. முப்பது பேரும் கும்பிட்ட கை போடுவாங்க. அறுபது நாள்ல பதினெட்டு நாளு இதுலயே போச்சு.

ராக்கியண்ண மாமா ரைஸ் மில்லுல கூட்டம் போட்டோம். என்னைச் செயலாளராப் போட்டாங்க. ஏன்னா போன்ல தமிழ் வேகமா அடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தந்தான். எங்கப்பன் பேருல ஒரு துப்பாக்கி இருக்குதுங்க, அதனால வாரிசு. கூட்டத்துல ஒருத்தரு மறியல் பண்ணலாம்னாரு. மாமன் ஒடனே, "எந்த ரோட்டை மறிக்கறது? நம்மூருக்கு வர்றதே ஆறு பஸ்ஸு. அதையும் மறிச்சா நாமதான் வீட்டுக்கு நடக்கோணும்"னாரு. ஒருத்தரு உண்ணாவிரதம்னாரு. சர்க்கரை இருக்கறவங்க பதினாலு பேரு கை தூக்கி மாட்டேன்னுட்டாங்க.

அப்பத்தாங்க எனக்கு அந்த ரோசனை வந்துச்சு. இப்பவும் சொல்றேன், ரோசனையில கோளாறே இல்லை.

ரேசன் கார்டு ஒப்படைக்கற போராட்டம் பாத்திருப்பீங்களே? தண்ணி வரலை, ரோடு போடலைன்னா ஊரே ரேசன் கார்டைத் தூக்கிக்கிட்டுத் தாலுக்காபீசுக்குப் போயிரும். இந்தா வெச்சுக்கோ, எங்களுக்கு வேண்டாம்பாங்க. தாசில்தாரு பதறி ஓடியாந்து, "அம்மா, அம்மா, அதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, பதினஞ்சு நாள்ல சரி பண்ணித் தர்றேன்"பாரு. பொழுதோட எல்லாரும் கார்டை மடியில செருகிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. இது வரைக்கும் ஒரு தாசில்தாரும் ஒரு கார்டையும் வாங்குனதில்லை. போராட்டத்தோட சூட்சுமமே அதுதானுங்களே. நாம குடுப்போம், அவங்க வாங்கமாட்டாங்க.

"மாமா, துப்பாக்கியைக் கொண்டுபோயி போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைப்போம். எல்லாத் துப்பாக்கியையும். பத்திரிகைக்காரனைக் கூப்பிடுவோம். இன்ஸ்பெக்டரு ஆடிப்போயிருவாரு"ன்னேன். மில்லே கை தட்டுச்சு. தவிட்டு மூட்டை மேல உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க. எனக்கு வாழ்க்கையில அத்தனை பேரு கை தட்டுனது அன்னைக்குத்தான்.

பாவாயக்கா மட்டும் தட்டலை. "டேய் நவநீ, வாங்கிக்கிட்டா?"

"வாங்க மாட்டாங்கக்கா."

"வாங்கிக்கிட்டா?"

"அக்கா, ரேசன் கார்டை வாங்குனாங்களா?"

"ரேசன் கார்டைக் காட்டுனாப் பன்னி ஓடாது கண்ணு. சோளம் பூவெடுத்து நிக்குது. இன்னும் பத்து நாள்ல பால் புடிக்கும். அந்த வாசத்துக்கு மலையில இருக்கற பன்னி பூராவும் எறங்கும்."

"அக்கா, ஒரே ஒரு பகல். பொழுதோட கையில இருக்கும். சட்டம் வந்துச்சுன்னா மொதல்ல போறது யாரு துப்பாக்கி? புருசன் பேருல இருந்து மாத்துனது உங்களுதுதான்."

அது சுருக்குன்னு பட்டிருச்சு போல. கையெழுத்துப் போட்டுட்டாங்க.

கடுதாசி நான் எழுதுனதுதான். ஆளுக்கொண்ணு, முப்பத்தியோரு கடுதாசி. 'மக்களைக் காக்க மறுக்கும் அரசே! எங்களையும் எங்கள் பயிரையும் காத்து வந்த இத்துப்பாக்கியை இனி ஒரு கணமும் வைத்திருக்க விரும்பவில்லை. எவர் வற்புறுத்தலுமின்றி, மனமுவந்து, நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்.' எப்படி? படிக்கறப்பவே மயிர்க்கூச்செறியுதில்ல? அந்த 'நிரந்தரமாக' மொதல்ல இல்லீங்க. ஒரு எடுப்புக்குப் பின்னால சேத்தேன்.

இந்த எடத்துல உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லீரோணும். எலக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல கொண்டுபோயிக் குடுத்துரோணும், தெரியுமில்ல? எலக்சன் முடிஞ்சா ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கிக்கலாம். போன எலக்சனுக்கு எங்கப்பன் துப்பாக்கியைக் குடுத்ததோட சரி, நான் போயி வாங்கவே இல்லை. பதினாலு மாசம். எதுக்குப் போகோணும்? ஒருக்கா வண்டியில மூணு பேராப் போனதுக்கு அங்க இருக்கற ரைட்டர் ஏட்டு பொடனியில ஒண்ணு போட்டாரு. அந்தாளு மூஞ்சியில முழிக்கோணுமா? வீட்டுலயும் ஒண்ணும் தட்டுப்படலை. எண்ணெய் போடற வேலை இல்லை, பூட்டி வெக்கற வேலை இல்லை. சரி, முப்பது பேரு கையில துப்பாக்கி இருக்கறப்ப நான் பேனரைப் புடிச்சுக்கிட்டுப் போனா யாரு பாக்கப் போறாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்.

போராட்டத்தன்னைக்குக் காலையில பத்து மணிக்கு ஊருல இருந்து கெளம்புனோம். தப்பட்டை மூணு செட்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன்னால பேனரு, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ராக்கியண்ண மாமா. மாமன் தோள்ல துப்பாக்கி உறை தொங்குது. பின்னால திரும்பிப் பாக்கறேன், நெறைய உறை. என்ற மனசுல அப்படியே ஒரு வீரம். 'பறிக்காதே பறிக்காதே'ன்னு நான் கத்துனா, ஊரே 'பறிக்காதே'ங்குது.

பாவாயக்காகிட்ட உறை இல்லை. அவங்க துப்பாக்கியக் கொழந்தையத் தூக்கற மாதிரி குறுக்கால புடிச்சுக்கிட்டு, கடைசியில வந்தாங்க.

ஸ்டேஷன்ல பாத்தா, அண்ணா, ஷாமியானா போட்டிருக்காங்க! மேசை, நாற்காலி, தண்ணி கேனு. இன்ஸ்பெக்டரு சிரிச்ச மூஞ்சியா, "வாங்க வாங்க, வெயிலா இருக்குது, நெழல்ல நில்லுங்க"ங்கறாரு. ரேசன் கார்டுப் போராட்டத்துல யாரும் ஷாமியானா போடமாட்டாங்களே.

ரைட்டர் ஏட்டு ஒரு பெரிய நோட்டை விரிச்சாரு. "ஒண்ணாம் நெம்பரு, ராக்கியண்ணன். ரெட்டைக்கொழல். குடுங்க."

மாமன் கனைச்சாரு.

"குடுங்க மாமா"ன்னு நானும் சொன்னேன்.

மாமன் என்ற காதுகிட்ட வந்து, "உள்ள மம்பட்டிக் காம்புடா"ன்னாரு.

எனக்குப் புரியலை. அதுக்குள்ள ஏட்டு, "நீங்க எங்கிருந்து குடுப்பீங்க கவுண்டரே? உங்க துப்பாக்கி பதினாலு மாசமா உள்ளதான இருக்குது? எண்ணெய் போட்டுப் போட்டு எனக்கே சொந்தமாட்ட ஆயிருச்சு. சரி, ரெண்டாம் நெம்பரு. அதும் உள்ள. மூணு? உள்ள. நாலு? உள்ள..."

அண்ணா, அந்தாளு படிச்சுக்கிட்டே போறாரு, ஒவ்வொருத்தனும் குனிஞ்சு செருப்பைப் பாக்கறான். நான் ஒருத்தந்தான் வாங்கலைன்னு நான் நெனச்சேன். அவனவனும் அப்படியே நெனச்சிருக்கறான். ஒரு உறையில குடை. ஒரு உறையில பீவீசீ பைப்பு. ஒருத்தரு மானத்தோட, வெறும் உறையை மட்டும் கொண்டாந்திருந்தாரு. "இருபத்தி மூணு, நவநீதன் அப்பா. உள்ள. தம்பி, இன்னும் மூணு பேராத்தான் வண்டியில போறயா?" தப்பட்டைக்காரன் அடிக்கறதை நிறுத்திட்டான். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கறான், எறக்கறான், எதைப் படம் புடிக்கறதுன்னு தெரியலை. இன்ஸ்பெக்டரு வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாரு, தோளு மட்டும் குலுங்குது.

"முப்பத்தியொண்ணு, பாவாயி. ஒத்தைக்கொழல். எலக்சன் முடிஞ்ச அடுத்த நாளே வாங்கிட்டுப் போயிட்டீங்க. இது வெளியதான் இருக்குது."

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். அக்கா எங்க மூஞ்சியைப் பாக்கலை. கையைப் பாத்தாங்க, ஒவ்வொருத்தன் கையா. அப்பறம் என்னைப் பாத்தாங்க. நான் என்ன பண்றதுங்க? பத்திரிகைக்காரன் நிக்கறான், ஒரு துப்பாக்கியாச்சும் வேணுமே. கண்ணைக் காட்டி, குடுங்கன்னேன். அக்கா முந்தானையில கொழாயை ஒருக்கா மேலிருந்து கீழ தொடச்சு மேசை மேல வெச்சாங்க. ஏட்டு என்ற கடுதாசியச் சத்தமாப் படிச்சாரு. நிரந்தரமாகங்கற எடத்துல நிறுத்தி, "சொந்தமா எழுதுனதா? நல்லா இருக்குது"ன்னாரு. சீல் வெச்சாரு. ரசீது குடுத்தாரு.

வாங்கிக்கிட்டாங்கண்ணா!

அடுத்த நாள் பேப்பருல போட்டிருந்தான், 'துப்பாக்கிகளை ஒப்படைத்து விவசாயிகள் நூதனப் போராட்டம்'னு. போட்டோவுல பாவாயக்கா ஒருத்தருதான். ராக்கியண்ண மாமா அதைக் கண்ணாடி போட்டு மில்லுல மாட்டிட்டாரு. சங்கத்துல அவருக்குச் சால்வை போத்துனாங்க.

இதுல கூத்து என்னன்னா, மத்த முப்பது கடுதாசியும் மேசைக்கே போகலை, உள்ள இருக்கற முப்பதும் எலக்சன் ரசீது. நாளைக்கே போயிக் காட்டுனா நாளைக்கே குடுத்துருவாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் போகலைங்கறது வேற விசயம். அக்காளோடது மட்டும்தான் மனமுவந்து ஒப்படைச்சது. கலெக்டரு உத்தரவு இல்லாம வெளிய வராது. தேவைப்படறவங்களுக்கு இல்லை, தேவைப்படாதவங்களுக்கு எப்ப வேணும்னாலும் உண்டு. நான் சொல்லலை, சட்டம் அப்படி.

போராட்டத்துக்கு மறுநாள் விடியறதுக்குள்ள அக்கா எங்க வாசல்ல நிக்கறாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தாச் சமாளிச்சிருப்பேன், நமக்குப் பழக்கந்தான. மெதுவாத்தான் கேட்டாங்க.

"துப்பாக்கி எப்ப வரும்?"

"மனு போட்டுர்றேங்க்கா. வந்துரும்."

"எப்ப?"

"சீக்கிரம்."

"அது வர்ற வரைக்கும் நீதான் துப்பாக்கி. பொழுது எறங்க சோளக்காட்டுக்கு வந்துரு."

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை. உள்ள இருந்து எங்கம்மா, "கூட்டிக்கிட்டுப் போ பாவாயி, இங்க சும்மாத்தான் கெடக்கறான்"னு குரல் குடுக்குது. பெத்தவளைப் பாருங்க.

அன்னையில இருந்து நாப்பத்தாறு நாளு. அக்காளும் தூங்கறதில்லை. மேக்கால அவங்க தீப்பந்தத்தோட, கெழக்கால பரண் மேல நான். ஒரு எண்ணெய் டின்னு, ஒரு கட்டை, ஒரு வாயி. மொதல்ல போன்ல வெடிச் சத்தம் போட்டுப் பாத்தேன். ரெண்டு நாள் ஓடுச்சுங்க. மூணாவது நாள் வெடிச்சதும் பன்னிக தலையைத் தூக்கி, ஓ நீதானான்னுட்டு மறுபடியும் முகர ஆரம்பிச்சிருச்சு. நெசக் கொரலுக்குத்தான் மதிப்பு. ஆனா ஒரே கொரலுன்னா அதும் பழகிரும். அதனால தெனம் ஒண்ணு. ஒரு நாள் எலக்சன் மைக்குக்காரன், ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு லேகியக்காரன். ராக்கியண்ண மாமனைத் திட்டுனா ஒரு மைலுக்கு ஒரு பன்னி இருக்காது. ஒருக்கா அந்தக் கடுதாசியச் சத்தமாப் படிச்சேன், யானையே திரும்பிப் போயிருச்சு. பெருமைக்குச் சொல்லலை, நாப்பது நாள்ல ஒரு கதிரை நான் உடலை. நம்மகிட்டயும் ஒரு தெறமை இருக்குதுங்க.

அந்தத் தெறமைதான் எனக்கு எமனாப் போச்சு.

மனு போட்டோமா? ஆபீசுல, தேவை இருக்குதுன்னு வீயேவோ, அதான் கிராம நிர்வாக அலுவலரு, எழுதிக் குடுக்கோணும்னாங்க. வீயேவோ வந்தாரு. சோளத்தைச் சுத்திப் பாத்தாரு. கதிரை உரிச்சுப் பாத்தாரு. "அட, ஊருலயே உன்ற காடுதாம்மா அருமையா இருக்குது! துப்பாக்கி இல்லாமயே இப்படின்னா எதுக்கும்மா துப்பாக்கி?" எழுதிட்டாரு, பயிர்ச் சேதம் ஏதுமில்லை, தேவை நிரூபிக்கப்படவில்லைன்னு. நான் பரணைக் காட்டறேன், டின்னைக் காட்டறேன், தொண்டையைக் காட்டறேன். "தொண்டைக்கு இந்த ஃபாரத்துல எடம் இல்லை தம்பி"ங்கறாரு.

அன்னைக்கு அக்கா பரணுக்குக் கீழ வந்து உக்காந்தாங்க. "அடுத்து கடலை போடோணும். அதையும் நீயே காப்பயா?"ன்னாங்க. கடலை நூத்திப்பத்து நாளுங்க! அப்பறம் மறுபடி சோளம். இப்படியே போனா நான் கல்யாணம் காச்சி பண்றது எப்ப? என்ற பையன் வந்து டின்னு தட்டோணுமா?

அதனால... இங்க வாங்க, கிட்ட வாங்க. முன் சீட்டுல இருக்கறது எங்கூர் ஆளு மாதிரி இருக்குது. அதனால நான் ஒரு காரியம் பண்ணுனேன்.

காட்டைச் சுத்திப் பழைய சேலை கட்டியிருக்கும் பாருங்க, பன்னி மெரளறதுக்கு. தெக்கு மூலையில மூணு சேலையை அவுத்து உட்டுட்டு, அன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான். நாலு சால், அதான் நாலு வரிசை, தின்னாப் போதும், வீயேவோ கண்ணுல காட்டலாம்னு கணக்கு. அக்காளோட நல்லதுக்குத்தானுங்க. ஆனா பன்னிக்குக் கணக்குத் தெரியாதே. தாயும் குட்டியுமாப் பதினஞ்சு உருப்படி. நாலு சால் முடிஞ்சதும் நான் கத்துனேன். போகலை. டின்னைத் தட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கலை. எறங்கி ஓடுனேன், கல்லெடுத்துப் போட்டேன். அக்கா மேக்கால இருந்து பந்தத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாங்க, கால்ல செருப்பில்லாம. போறதுக்குள்ள முக்கா ஏக்கரா போயிருச்சு. முக்கா ஏக்கராங்க, மூணுல.

விடிஞ்சதும் மொத வேலையா சேலையை இழுத்துக் கட்டிட்டேன்.

அக்கா வந்தாங்க. மிதிபட்ட கதிரை ஒண்ணொண்ணா எடுத்து, தேறுமா தேறாதான்னு பாத்து, ஒரு பக்கமாப் போட்டாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பறம் மூலைக்குப் போயி சேலை முடிச்சை வெரல்ல தடவிக்கிட்டே நின்னாங்க. புருசன் எடுத்துக் குடுத்த சேலை போல, ஞாபகம் வந்திருக்கும். திரும்பி வந்து, "தூங்கிட்டயா கண்ணு?"ன்னாங்க. ஆமாங்க்கான்னேன். "நாப்பது நாளாக் கத்துனவன், தூக்கம் வராதா பின்ன"ன்னுட்டு, சோறு போட்டு ரெண்டு முட்டை பொரிச்சு வெச்சாங்க. அந்த முட்டை எனக்கு எறங்கலைங்க. தொண்டைப் புண்ணு, அதனாலதான்.

ஆனா பாருங்க, வேலை நடந்திருச்சு! வீயேவோ வந்தாரு, ஐயையோன்னாரு, பக்கம் பக்கமா எழுதுனாரு. இன்னைக்கு கலெக்டராபீசுல உத்தரவு. இந்தாங்க, பையில. 'பயிர்ச் சேதம் கருதி திருப்பி வழங்கலாம்.' சட்டம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கருத்துக் கேக்கறதுக்கு இன்னும் மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்களாம். குரூப்புல எல்லாரும் கும்பிட்ட கை போட்டிருக்காங்க.

நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்பு? ரோசனை குடுத்தேன், கடுதாசி எழுதுனேன், காவலுக்கு இருந்தேன், உத்தரவும் வாங்கியாச்சு. ஆனா ஊருல என்னை 'நிரந்தரம்'னு கூப்புடறானுங்க.

இருங்க, போன் அடிக்குது. அக்காதான். ஆயுசு நூறு.

சொல்லுங்க்கா! வாங்கிட்டேங்க்கா... ஆமா, சீலெல்லாம் இருக்குது. நாளைக்கே போயி எடுத்துக்கலாம்... பஸ்ஸுலதான் இருக்கறேன், இன்னும் ரெண்டு ஸ்டாப்பு... என்னங்க்கா?... முடிச்சா? எந்த முடிச்சு?... தெக்கு மூலைச் சேலையா? அது நீங்க கட்டுனதுதானுங்க்கா... இல்லீங்க்கா, நான் எதுக்குக் கட்டறேன்... சோத்தாங்கைப் பக்கமா இருந்தா என்னங்க்கா?... ஓ... எல்லா முடிச்சுமா?... அந்த மூணு மட்டுமா?... அன்னைக்கே பாத்துட்டீங்களா?... அக்கா? அக்கா?

வெச்சுட்டாங்க.

அண்ணா, அவங்க பீச்சாங்கைக்காரங்க. சுத்தியும் இருக்கற அத்தனை முடிச்சும் ஒரு பக்கமாத் திரும்பியிருக்குதாம். நான் கட்டுன மூணு மட்டும் எதிர்ப்பக்கமாம். இதையெல்லாமா கவனிப்பாங்க மனுசங்க? கவனிச்சவங்க எதுக்கு எனக்கு முட்டை பொரிச்சுப் போட்டாங்க? ஆறு நாளா ஒரு வார்த்தை கேக்கலையே! உத்தரவு வர்ற வரைக்கும் பொறுத்திருந்தாங்களா?

நீங்க கொள்ளேகாலந்தான போறீங்க? நானும் அப்படியே... வேண்டாமா? ஆமா, காயிதம் என்ற பையில இருக்குதே. அதை நீங்க எறங்கிக் குடுத்துர்றீங்களா? பாவாயின்னு கேட்டா யாரு வேணும்னாலும் காட்டுவாங்க. சிரிக்காதீங்கண்ணா, நெசமாத்தான் கேக்கறேன்.

சரி, உடுங்க. பிகில் அடிச்சுட்டான். எறங்கறேன். அக்கா ஸ்டாப்புலயே நிக்கறாங்க, பாருங்க, அந்தப் புளியமரத்தடியில. கையில என்னமோ சுருட்டி வெச்சிருக்காங்களே... சேலைதானுங்க. மூணும்.

முன்படிக்கு நேராத்தான் நிக்கறாங்க. சித்தே காலை நகத்துங்கண்ணா, நான் பின்படியில எறங்கிக்கறேன்.